கல்யாணக் களை

சிப்னாவின் முகம் சிவந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள்தான். கண்டுபிடித்த கையோடு அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். "கல்யாணக் களை வந்திட்டுகா புள்ளைக்கி!" என்று ஒருத்தி சொல்ல, "மாப்புள றிம்சான்ட பேரச் சொன்னாப் போதும், கன்னம் ரெண்டும் செவக்கிது" என்று அடுத்தவள் சேர்த்துக்கொள்ள, மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சிரிப்பு.

சிப்னாவின் உம்மா பாத்தும்மாவுக்கும் அதில் பெருமைதான். பெருமை இல்லாமல் இருக்குமா? கல்முனைக் கரையில் பெண்ணைப் பெற்றவர்கள் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். வந்து குந்துவதற்கு ஒரு வீடு இல்லையென்றால் கல்யாணப் பேச்சு வாசலோடு திரும்பிப் போய்விடும். புருசன் மௌத்தாகிப் போன பிறகு, வரிப்பத்தான்சேனையில் கிடக்கும் வயலை நம்பி, ஒற்றை ஆளாக நின்று அந்த வீட்டைக் கட்டி மேல்தட்டுக்குக் கொங்கிறீட்டும் போட்டுவிட்டாள் அந்த மனுசி. போட்ட கொங்கிறீட் வெடிக்காமலிருக்க நாள் தவறாமல் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். "என்ட வீடு, நான்தான் நனைப்பன்" என்று குழாயைத் தூக்கிக்கொண்டு சிப்னா நடுப்பகலில் மேலே ஏறிவிடுவாள். சித்திரை வெயில் என்ன சாதாரண வெயிலா!

வீட்டைப் பார்க்க நதீரா வந்தது வெயில் சாய்ந்த பிறகு. அப்போதும் குடையோடுதான் வந்தாள். நதீரா, பாத்தும்மாவின் தம்பி ஆதம்பாவாவின் மகள். பின்னேரங்களில் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ரியூசன் எடுப்பவள். லூபஸ் என்ற நோய் அவளைப் பிடித்து ஆறு வருசம். வெயில் பட்டால் நோய் கிளம்பும் என்பதால் பகலில் அவள் வெளியே தலைகாட்டுவதில்லை. காட்டினால் குடையும் கூடவே வரும். ஊர்ப் பிள்ளைகள் அவளுக்குக் 'குடை டீச்சர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மேல்தட்டில் சிப்னா குழாயின் வாயைத் திருகி மூடிக்கொண்டிருந்தாள். விரல்களால் அல்ல, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து. நதீரா அதைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். சிவப்பு ஒரு கன்னத்தில் தொடங்கி, மூக்கின் மேலேறி, மறு கன்னத்தில் இறங்கியிருந்தது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கடைக்கு இறங்கும் மடிப்பு மட்டும் சிவக்காமல் வெள்ளையாகக் கிடந்தது. வெயிலில் சிவந்த முகமென்றால் முழுதாகச் சிவக்கும். இப்படி மடிப்பை விட்டுவிட்டுச் சிவந்த ஒரு முகத்தை ஆறு வருசத்துக்கு முதல் நதீரா தன் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"என்ன மச்சி, இப்பிடிப் பாக்கிறீங்க? களை எண்டு நீங்களும் சொல்லப் போறீங்களா?" என்று சிரித்தாள் சிப்னா.

"விரல் நோகுதா?"

"காலைல எழும்பினா மடக்க ஏலா. தண்ணி அடிக்கிறதுதானே, அதான்."

நதீராவுக்கும் ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் 'அதான்' இருந்தது. கரும்பலகையில் எழுதுவதால் விரல் நோகிறது, கிணற்றுத் தண்ணீரால் முடி கொட்டுகிறது, உப்புக் கூடிப்போய்க் கால் வீங்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து ஒரு வருசம் போய்விட்டது. கடைசியில் டொக்டர்மார் நோயைக் கண்டுபிடித்தபோது அது சிறுநீரகத்துக்குள் இறங்கி ஒரு கை பார்த்து முடித்திருந்தது. மிச்சமிருந்ததை மாத்திரைகளால் காப்பாற்றினார்கள். அந்த ஒரு வருசம் கையில் இருந்திருந்தால் என்று அவள் நினைக்காத நாளில்லை. இப்போது அதே வருசம் சிப்னாவின் கையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

குசினிக்குள் போய் மாமியைப் பிடித்தாள்.

"மாமி, சிப்னாவ ஒருக்காக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவமா? அது வெயில் செவப்பு இல்ல. எனக்கும் இப்பிடித்தான் தொடங்கின."

மீன் கழுவிக்கொண்டிருந்த பாத்தும்மாவின் கை நின்றது. "ஒனக்கு வந்த நோய் எங்கால வந்த? ஒங்கும்மாட குடியில கிடந்து வந்த. என்ட புள்ள என்ட குடி. அங்க கிடக்கிற நோய் இஞ்ச எப்பிடிகா வரும்?"

இந்த ஊர்களில் குடி என்கிற வம்சக் கணக்கு தாய்வழியாகத்தான் இறங்கும். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வாப்பா எவ்வளவுதான் வயலும் வண்டியுமாக வாழ்ந்தாலும் இந்தக் கணக்கில் அவர் விருந்தாளி. பள்ளிவாசல் நிருவாகத்துக்கு மரைக்காயரைத் தெரிவுசெய்வதும் குடி பார்த்துத்தான், சம்பந்தம் பேசுவதும் குடி பார்த்துத்தான். நதீரா தன் உம்மா முஸ்பிறாவின் குடி. சிப்னா பாத்தும்மாவின் குடி. வேலியும் மதிலும் போட்டுப் பிரித்த மாதிரி வேறு வேறு.

"ஒருக்கா ரத்தம் பாத்தா என்ன மாமி? ஒண்டுமில்லாட்டி நல்லதுதானே."

"கல்யாணத்துக்கு நாள் வெச்ச புள்ளய ஆஸ்பத்திரியில கொண்டு காட்டினா ஊர் என்ன கதைக்கும்?" பாத்தும்மா திரும்பினாள். அதற்குப் பிறகு சொன்னதை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். "என்ட மகன ஒனக்கு முடிக்கல்ல எண்ட கோவத்த என்ட மகள்ட கல்யாணத்தில வந்து தீர்க்காத."

முகத்தில் அடித்தாற்போல இருந்தது நதீராவுக்கு. மாமியின் மகன் றிஸ்வானை அவளுக்கென்று சின்ன வயதிலேயே பேசிவைத்திருந்ததும், நோய் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சைக் காதும் காதும் வைத்தாற்போல் நிறுத்திவிட்டு அவனை அக்கரைப்பற்றில் முடித்துக் கொடுத்ததும் இரண்டு வீட்டிலும் யாரும் வாய்விட்டுப் பேசாத சங்கதி. அவள் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்த பிறகு ஒரு சந்தேகமும் வந்தது. மாமி சொல்வது சரியாக இருந்தால்? வேறு குடிதானே? ஒரு நல்ல காரியத்தில் வீணாக மூக்கை நுழைத்துவிட்டேனா?

அந்தக் கிழமை அவளுக்குக் கிளினிக் இருந்தது. காரைதீவுக்காரி தர்சினி டொக்டர் மாத்திரைகளை எழுதிக்கொண்டே, "என்ன டீச்சர், முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்டதும் நதீரா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சிவப்பு, விரல், மூக்கோரத்து மடிப்பு எல்லாம்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "ஆர் அந்தப் பிள்ளை?"

"மாமிட மகள். வாப்பாட ராத்தாட மகள்."

"சொந்த மச்சாளா? குடும்பத்தில வேற ஒருத்தருக்கும் இல்லையெண்டு நீங்கதானே அப்ப சொன்னீங்க?"

"ஓம் டொக்டர். உம்மாட பக்கம் முழுக்கக் கேட்டுத்தான் சொன்ன. ஒருத்தருக்கும் இல்ல."

"அப்பாட பக்கம்?"

"அது வேற குடி டொக்டர்."

தர்சினி டொக்டர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்க விஞ்ஞானம்தானே படிப்பிக்கிறீங்க?"

நதீராவுக்குக் காது மடல் வரை சூடேறியது. முந்தாநாள்தான் வெண்பலகையில் நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி என்று கட்டம் கட்டிப் போட்டு, "பாதி வாப்பாட்ட இருந்து, பாதி உம்மாட்ட இருந்து. மறந்திடாதீங்க, பரீட்சைக்குக் கட்டாயம் வரும்" என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். பட்டாணிக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயம்! நோயைப் பற்றிக் கேட்டதும் பட்டாணியெல்லாம் பறந்துபோய் உம்மாவின் குடிதான் முன்னுக்கு வந்து நின்றிருக்கிறது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. படிப்பு தலைக்குள் இருக்கும். குடி அதற்கு முதலே வந்து உட்கார்ந்த ஆள்.

டொக்டர் சிரிக்கவில்லை. "குடி பள்ளிவாசலுக்குச் சரி. உடம்புக்கு அது தெரியாது. கிருமி வந்தா உடம்பு அதோட சண்டை பிடிக்கும். சண்டை முடிஞ்சா நிப்பாட்டச் சொல்லுற ஏற்பாடும் உடம்புக்குள்ளயே இருக்கு. அந்த ஏற்பாட்ட நடத்துற ஜீன்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். ஒரு ஜீன் இல்ல, நூறுக்கு மேல. ஒவ்வொண்டும் சின்ன விசயம், தனியா ஒண்டும் செய்யாது. அப்பாட்ட இருந்து கொஞ்சம், அம்மாட்ட இருந்து கொஞ்சம் எண்டு ஒரு பிள்ளையில வந்து சேர்ந்து, அதோட வெயில், வேற ஏதும் காரணமும் கூடினா, நிப்பாட்டத் தெரியாம உடம்பு தன்னையே அடிக்கத் தொடங்கிடும்."

"அப்ப சிப்னாவுக்கும்..."

"வரும் எண்டு இல்ல. வரலாம். பார்த்தாத்தான் தெரியும். முதல்ல சிறுநீரப் பார்ப்பம். சுணங்காமக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வேப்பமரத்தடியில் ஓட்டோவோடு ஆதம்பாவா காத்திருந்தார். வாயடங்கிய மனுசர், வயலும் தானும் என்று இருப்பவர். நதீரா ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"வாப்பா, ஒங்கட பக்கத்தில ஆருக்காச்சும் என்டமாதிரி நோய் வந்திரிக்கா?"

ஆதம்பாவா ஓட்டோவை முடுக்காமல் இருந்தார். "செய்னம்பு" என்றார் கடைசியில்.

செய்னம்பு அவருடைய தங்கச்சி. நதீரா பிறப்பதற்கு முதலே மௌத்தானவள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை, எடுத்தால் ஜின்னும் கூடவே வரும் என்ற பயம். "நடுப்பகல்ல வெளிய போய்வந்தா அடுத்த நாள் முகம் செவந்து, காச்சல்ல விழுந்திருவா. நடுப்பகல்ல திரியிற ஜின் பார்வை எண்டு தண்ணி ஓதிக் குடுத்த. முடியெல்லாம் கொட்டின. கால் வீங்கின. பொறகு மூத்திரம் போறது நிண்டிட்டு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ராத்தாதான் பாத்தா, கடைசி வரைக்கும்."

நடுப்பகலில் திரிகிற ஜின்! அது வெயில் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நதீரா வாப்பாவின் தோளில் கைவைத்து, டொக்டர் சொன்னதை மெல்ல மெல்லச் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "குளத்து மடைத் துருசத் துறந்து வயலுக்குத் தண்ணி விட்டவன், தண்ணி போதும் எண்ட பொறகும் பூட்டாம இரிந்தா பயிர் அழுகித்தானே போகும். அதுமாதிரியா?" என்று கேட்டார்.

"அதேதான் வாப்பா."

"அப்ப அது எனக்குள்ளாலயும் ஒனக்கு வந்திரிக்கி." ஆறு வருசமாக முஸ்பிறா மட்டும் சுமந்த பழியை நினைத்தாரோ என்னவோ, ஓட்டோவை நேராகப் பாத்தும்மா வீட்டுக்கு விட்டார்.

பாத்தும்மா தம்பியைக் கண்டதும் மலர்ந்து, அவர் பின்னால் நதீராவைக் கண்டதும் சுருங்கினாள். ஆதம்பாவா உட்காரவில்லை.

"ராத்தா, செய்னம்புட முகம் ஞாபகம் இரிக்கா?"

"கல்யாண வீட்டில எடுக்கிற பேரா அது?" பாத்தும்மா பதறிப்போனாள். "ஒன்ட மகள் சொல்லித் தந்தாளா? அது ஜின். ஊருக்கே தெரியும்."

"ஜின் இல்ல ராத்தா. நோய். நம்மட நோய்."

"வாயப் பொத்து!"

அந்தச் சத்தத்துக்குச் சிப்னா அறை வாசலில் வந்து நின்றாள். மூவரையும் பார்த்தாள். பிறகு இடது கையை உம்மாவின் முன் நீட்டினாள். றிம்சான் வீட்டார் போட்ட மோதிரம், வீங்கிய விரலுக்குள் புதைந்து கிடந்தது.

"உம்மா, சவுக்காரம் போட்டும் பாத்திட்டன். கழட்ட ஏலா. எனக்குப் பயமா இரிக்கி. நீங்க ஏசுவீங்க எண்டுதான் சொல்லல்ல."

பாத்தும்மா மகளின் கையைப் பிடித்தாள். மோதிரத்தைத் திருகப் பார்த்தாள், சிப்னா 'ஆ' என்றதும் விட்டாள். பிறகு மகளின் மோவாயைப் பிடித்து முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கல்யாணக் களை என்று ஊரெல்லாம் மெச்சிய முகத்தை அப்போதுதான் அவள் உண்மையில் பார்த்தாள் என்று தோன்றியது. அவளுடைய பெருவிரல் மூக்கோரத்து மடிப்பில் மெல்ல நகர்ந்தது.

"அவளுக்கும் இந்த இடம் மட்டும் வெள்ளையாத்தான் கிடந்த" என்றாள். "நான்தானே முகம் கழுவி விட்ட. நான்தானே தலை இழுத்து விட்ட. சீப்போட கொத்துக் கொத்தா வரும். யா அல்லாஹ், நான் எப்பிடி மறந்த?"

மறக்கவில்லை. மறந்துபோக வேண்டும் என்று இத்தனை வருசமாகப் பாடுபட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் நிலத்தில் குந்தி அழுதபோது நதீராவும் பக்கத்தில் குந்தி அவளுடைய தோளை அணைத்துக்கொண்டாள். கோபம் இருந்ததா? இருந்தது. ஆனால் தங்கச்சியை இழந்த ஒருத்தியின் அழுகைக்கு முன்னால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்த நாளே கிளினிக்கில் போய் நின்றார்கள். லூபஸ்தான். சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருந்தது, இப்போதுதான் தொடங்கியிருந்தது. வார்டில் படுக்கவைத்துச் சிறுநீரகத்தில் ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். "நல்ல நேரத்தில கொண்டு வந்திருக்கிறீங்க. சிறுநீரகத்தக் காப்பாத்திப் போடலாம்" என்று தர்சினி டொக்டர் சொன்னபோது, பாத்தும்மா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வார்டுக் கட்டிலில் சிப்னா கேட்டாள்: "மச்சி, என்ட முடியும் கொட்டுமா?"

பொய் சொல்ல நதீராவுக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் கொட்டும். பொறகு மொளைக்கும். இந்தாப் பார்" என்று திரையை இழுத்துவிட்டு, முக்காட்டை எடுத்துக் கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள். முதுகை மூடி விழுந்த முடியைக் கையில் அள்ளிப் பார்த்துச் சிப்னா சிரித்தாள். நோய் என்று சொன்ன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்.

மருந்து பிடித்தது. வீக்கம் இறங்கி மோதிரம் கழன்று வந்தது. கசிவும் குறைந்துகொண்டு வந்தது. ஆனால் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியிருந்ததால் ஊருக்குச் சங்கதி எட்டிவிட்டது. ஊர் வாயை யார் மூடுவது? ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, றிம்சானின் உம்மா சொந்தக்காரப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, புது வீட்டு விறாந்தையில் குந்திவிட்டா.

முஸ்பிறாவும் நதீராவும் குசினிக்குள் நின்றார்கள். நல்லது பேசுமிடத்தில் நதீரா முன்னுக்கு வருவதில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. உள்ளே நின்றபடி எல்லாம் கேட்டாள்.

"ஒளிச்சு வெக்காமக் கதைப்பம்" என்றா றிம்சானின் உம்மா. "இந்த நோய் எந்தக் குடியில இரிந்து வந்த?"

தேத்தண்ணித் தட்டோடு வாசலில் கால் வைத்த முஸ்பிறா அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வருசமாக இந்தக் கேள்விக்குப் பாத்தும்மாவிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை இப்போதும் சொல்லலாம். தம்பி வீட்டோடு பழகிப் பழகித் தொத்திவிட்டது என்று சொன்னால் நம்புவதற்கு அந்த விறாந்தையில் ஆள் இருந்தது.

"எங்கட பக்கத்தால வந்த" என்றாள் பாத்தும்மா. "எனக்கு ஒரு தங்கச்சி இரிந்தா, செய்னம்பு எண்டு. அவளுக்கு இதுதான். ஜின் எண்டு சொல்லி அவளச் சாகக் குடுத்தம். என்னாலயும் வந்திரிக்கி, என்ட தம்பியாலயும் வந்திரிக்கி. முஸ்பிறாட குடியச் சொல்லிச் சொல்லி நான்தான் பாவத்தத் தேடிக்கிட்ட. அவவுக்கு முன்னால வெச்சே சொல்லுறன், பிழை என்னில."

முஸ்பிறாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பாத்தும்மா மறுபடியும் வந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஆனா அண்டைக்கி மருந்து செய்யல்ல, இண்டைக்கி செய்யிறம். என்ட மகளக் காப்பாத்தினது ஆரு எண்டு தெரியுமா? நதீரா! இஞ்ச வா மனே. முன்னுக்கு வா. இவடத்த வந்து இரி."

முஸ்பிறா தட்டை வந்தவர்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, குசினிக்குள் வந்து நதீராவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பாத்தும்மா தன் பக்கத்தில் இடம் விட்டு, அவளை இருத்தி, தோளில் கைபோட்டுக்கொண்டாள்.

"பாருங்க. இந்த நோயோடதான் ஆறு வருசம். புள்ளயளுக்குப் படிப்பிக்கிறா, நடமாடுறா. இப்பிடித்தான் என்ட சிப்னாவும் இரிப்பா, இன்ஷா அல்லாஹ். இனி ஒங்கட விருப்பம்."

றிம்சானின் உம்மா நதீராவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தா. அவ என்ன நினைக்கிறா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தா.

"என்ட மகன் ரெண்டு நாளா வீட்டில சோறு தின்னல்ல" என்றா. "இந்தப் புள்ள இல்லாட்டி வேற இல்லையாம். அவன்ட கதையக் கேட்டு நான் வரல்ல, என்ட கண்ணால பாக்கத்தான் வந்த." மறுபடியும் ஒரு மிடறு. பிறகு நதீராவின் பக்கம் திரும்பினா. "டீச்சர், வெயில் படக்கூடாதாமே?"

"ஓம் மாமி. வெயில்தான் கூடாது."

"அப்ப நடுப்பகல் லுஹருக்கு வெச்ச நிக்காஹ் சரிவராதே. மஃரிபுக்குப் பொறகு வைப்பம். வெயிலும் போயிரும், புள்ளயும் ஆறுதலா இரிக்கும். என்ன சொல்லுறீங்க?"

பாத்தும்மாவைக் கேட்கவில்லை, கூட வந்த பெண்களைக் கேட்கவில்லை. கல்யாண நேரத்தை நதீராவிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தா அந்த மனுசி.

நதீராவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அறைக்குள்ளிருந்து சிப்னா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வடிந்த முகத்தில் இப்போது தெரிந்ததுதான் கல்யாணக் களை.

"மஃரிபுக்குப் பொறகே வைப்பம் மாமி" என்றாள்.